முடிஞ்சா பண்ணுங்க, அக்கா

போன வாரம் பெரியவளை, அடித்துக்கொண்டிருந்த போனும் கையுமாக நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். எடுக்கட்டும்.

"ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்து பேசறேன்மா. பச்சைத் துணி கிளம்பிடுச்சா?"

பெரியவள் ஆபீஸ் அறையின் கண்ணாடி வழியாக மெஷின் கூடத்தை எட்டிப் பார்த்தாள். இஸ்திரி போடும் ரோலரிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று ஆவி பறக்க வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வெள்ளை. மடிப்பு மேஜையிலும் வெள்ளை மலை.

"கிளம்பிட்டே இருக்கு மேடம்."

"ரெண்டு மணிக்குள்ள என் கைக்கு வந்தாகணும். நாளைக்குக் காலையில வரிசையா ஆபரேஷன். நாங்க அதை ஆவியில போட்டு எடுத்து அடுக்கணும். உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் புது லாண்டரி ஒண்ணு தினம் ஆள் அனுப்பிக் கேட்டுட்டு இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க."

பெரியவள் போனை வைத்தாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்த லாண்டரி பெரியவளின் அப்பா கட்டியது. ஹோட்டல்களின் வெள்ளையும் ஆஸ்பத்திரியின் பச்சையும் இங்கேதான் வெளுக்கின்றன. அப்பாவுக்குக் கூடத்தில் 'மைக் செட்' என்று பெயர். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. அத்தனை மெஷினும் ஓடும்போதும் அவர் குரல் கடைசி மூலையில் இருப்பவனின் முதுகில் போய் அடிக்கும். அப்படிக் கத்திக் கத்தியே தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, நான் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் வாயைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து பொறுப்பு பெரியவளுடையது.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அப்பா கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

அப்பாவும் பதிலுக்கு ஒன்று போட்டார். கையை இரண்டு தரம் சுழற்றி, ஒரு விரலை நீட்டி, கடைசியில் நெஞ்சில் தட்டிக்கொண்டார். அம்மா மொழிபெயர்த்தாள்: "ஒரே ஒரு லோடு லேட்டானாலும் நான் உள்ள வந்துடுவேன், அப்புறம் நீ வீட்டுல உட்காருங்கறாரு. சூப்புல உப்பு கம்மிங்கறாரு." அப்பா ஒரு விரலை அசைத்தால் அம்மா ஒரு பாரா சொல்லுவாள். ஆனால் இதுவரை அவர் எதையும் மறுத்துத் தலையாட்டியதில்லை.

பெரியவள் அந்த நிபந்தனையைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கூடத்துக்கு வந்தபோது, மேஜை விரிப்பு ஒன்று கருகிப்போனதற்காக அப்பா துணி மடிக்கும் அக்காவை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். "இங்க வேலைக்கு வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா?" அக்கா போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். பெரியவள் ஒரு டவலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். "நான் பெரியவளானா இங்க யாரும் கத்த மாட்டாங்க அக்கா" என்று அன்றைக்குச் சொன்னாள்.

அக்காவுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் இவளைப் பாப்பா என்றே கூப்பிடுகிறாள்.

சரி, கதைக்கு வருவோம்.

பெரியவள் கூடத்துக்குள் ஓடினாள். பச்சை மூட்டைகள் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் வாய் கட்டியபடியே, வந்த விருந்தாளி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

"அக்கா! பச்சை இன்னும் போடலையா?"

"இல்லையே பாப்பா."

"நேத்து சாயங்காலமே சொன்னேனே!"

"சொன்னே." அக்கா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "முடிஞ்சா பச்சையை முதல்ல போட்டுடுங்களேன் அக்கா, உங்களுக்கு எப்படி வசதியோன்னு சொன்னே. மெஷின்ல வெள்ளை ஓடிட்டு இருந்துச்சு. ஹோட்டல்காரன் வேற வந்து கத்திட்டுப் போனான். சரி, வெள்ளையே ஓடட்டும்னு விட்டுட்டோம்."

அக்கா கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தக் கூரைக்கு அடியில் இத்தனை வருஷமாக வேலை என்றால் அது சத்தமாகத்தான் வரும். மைக் செட் மெதுவாகப் பேசினால் டீ வேண்டும் என்று அர்த்தம். கத்தாமல் சொன்ன ஒன்றை வேலை என்று எடுத்துக்கொள்ள அங்கே யாருக்கும் பழக்கமில்லை. பெரியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எனக்கே இவள்மேல் கோபம் வருகிறது.

"பாப்பா, உன்கிட்ட தனியா ஒண்ணு பேசணும்னு காலையில இருந்து பார்க்கறேன்," என்றாள் அக்கா குரலைத் தாழ்த்தி.

"அப்புறம் அக்கா, ப்ளீஸ். தலை போற வேலை."

வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான் தம்பி. டெலிவரி அவன் பொறுப்பு. வீட்டில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர்.

"பச்சை மூட்டை பிரிக்காம கிடக்கறதை நீ பார்த்தியாடா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"காலையில."

"ஏன்டா சொல்லலை?"

"மெஷின் பக்கத்துல தூக்கி வச்சேனே."

"தூக்கி வச்சா? யாருக்குடா தெரியும் அது? மூட்டை வந்து என்கிட்ட பேசுமா?"

அவன் குழாயை மூடிவிட்டு யோசித்தான். "வழக்கமா அது ஸ்டோர் ரூம்ல இருக்கும். இங்க இருந்தா ஏதோ விஷயம்னு புரியும்ல?"

பெரியவளுக்குப் பக்கத்தில் இருந்த சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரே ரத்தம்தான். ஒருத்தர் ஊருக்கே கேட்கும்படி கத்துவார், அவர் பிள்ளை மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டுச் செய்தி சொல்லியாயிற்று என்று வேன் கழுவுவான்.

உள்ளே திரும்பி வந்தவள் ரோலரை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் மடிப்பு மேஜையைச் சுற்றிக் கூப்பிட்டாள். போன வருஷம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள். நல்ல தலைவர் முதலில் கேட்பார், கடைசியில்தான் பேசுவார் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அழகான பேச்சு. மணி பன்னிரண்டை நெருங்கும்போது செய்கிற வேலை இல்லை அது.

"ரெண்டு மணிக்குள்ள பச்சை ஆஸ்பத்திரி போய்ச் சேரணும். என்ன பண்ணலாம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

எதுவாக இருந்தாலும் என்றதும் எல்லாமே வந்தன. ரோலர்காரர், வெள்ளையைப் பாதியில் எடுத்தால் சுருக்கம் போகாது என்றார். டிரையர்காரன், தன் பக்கத்து ஃபேன் ஓடாமல் ஒரு மாதம் ஆகிறது என்று ஆரம்பித்தான். ஃபேன் ஓடவில்லை என்று முதலில் சொன்னது நான்தான் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். யாரோ லீவு கேட்டார்கள். மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறோம்மா" என்றார்.

"அதான், உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கறேன்."

"எங்களுக்கு என்னம்மா தெரியும்."

"தெரியாம எப்படி அண்ணே? தினமும் நீங்கதானே ஓட்டறீங்க?"

"அது சரிதாம்மா. இருந்தாலும் நீங்க சொன்னா நல்லாயிருக்கும்."

இதற்குள் ஹோட்டலிலிருந்து போன். பெரியவள் கண்ணாடி அறைக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளை சாயங்காலம்தான் வரும் என்பதை நாலு விதமாகக் கெஞ்சிச் சொன்னாள். அந்தப் பக்கத்து ஆள் ஐந்தாவது விதத்தில் திட்டினான்.

திட்டு வாங்கிக்கொண்டே திரும்பியவள் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

கூடம் பறந்துகொண்டிருந்தது. மூட்டைகள் அவிழ்ந்து, பச்சைத் துணி கை மாறி, பெரிய மெஷினின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. யாரும் ஃபேனைப் பற்றிப் பேசவில்லை. நடுவில், கழுத்தில் மஃப்ளரும் காலில் வீட்டுச் செருப்புமாக, அப்பா.

ஸ்டோர்க்கார அம்மாள் வீட்டுக்கும் ஒரு போன் போட்டிருக்கிறாள். அம்மா எடுத்திருக்கிறாள். விஷயம் காதில் விழுந்ததும் மனுஷர் கிளம்பிவிட்டார். அம்மா பின்னாலேயே மருந்து பாட்டிலும் கையுமாக வந்து வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் பேச்சைக் காப்பாற்றுகிறாராம்! உள்ளே வந்ததும் கையை இரண்டு தட்டுத் தட்டினார். அத்தனை பேரும் திரும்பினார்கள். கைகளைக் குறுக்கே வைத்தார். வெள்ளை நின்றது. பச்சையைக் காட்டினார், பெரிய மெஷினைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்து மொத்தமாக அள்ளிப் போடுவது போல் வீசினார். ஓடினார்கள். பல மாதங்களாக இந்தப் பெண் கேட்டுக் கேட்டு, சிரித்துச் சிரித்து, தயவுபண்ணி, முடிந்தால் என்று அலைந்ததற்கு அசையாத கால்கள் ஒரு கைதட்டலுக்கு ஓடின. பெரியவளுக்கு அழுகையாக வந்தது. ஆத்திரமும்.

அவள் கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் மெஷின் வாயை மூடி ஓட ஆரம்பித்திருந்தது.

"எவ்வளவு போட்டீங்க?"

மெஷின்காரர் கதவின் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணே, எவ்வளவு போட்டீங்க?"

"எல்லாமும்தாம்மா," என்றார் மெஷின்காரர், அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

அந்த மெஷின் பெரியவள் வாங்கியது. அப்பாவின் பழைய இரும்புப் பூதம் எதைப் போட்டாலும் விழுங்கும். இது எடை பார்க்கும். அதிகமானால் நடுவழியில் நின்று, கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீர் முழுக்க வடியும்வரை திறக்காது. இது அப்பாவுக்குத் தெரியாது. அங்கே நின்ற மற்ற எல்லோருக்கும் தெரியும்.

தடதடவென்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மெஷின் நின்றது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மொத்தப் பச்சையும் அழுக்குத் தண்ணீரில் மிதந்தது.

அப்பா மெஷினை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நீங்க யாராவது சொல்லியிருக்கலாம்ல?" பெரியவள் கேட்டாள். இன்னமும் மெதுவாகத்தான்.

"ஐயா சொல்லும்போது நாங்க எப்படிம்மா..." மெஷின்காரர் இழுத்தார்.

"அக்கா, நீங்களுமா? உங்களுக்கும் தெரியும்தானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன் பாப்பா," என்றாள் அக்கா. "அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"விட்டுட்டீங்களா? எதுக்கு விட்டீங்க? வாயில பூட்டா போட்டிருக்கு? கேட்டா சொல்ல மாட்டீங்க, சொன்னா செய்ய மாட்டீங்க, கண்ணு முன்னாடி நாசமாப் போனாலும் நின்னு பார்த்துட்டு இருப்பீங்களா? இங்க வேலைக்கு வந்தீங்களா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

கடைசி மூலையிலிருந்த டிரையர்காரன் முதுகை நிமிர்த்தினான். வாசலில் அம்மா மருந்து பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தம்பி வேனிலிருந்து எட்டிப் பார்த்தான்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்க்கப் பெரியவளுக்கு நேரமில்லை.

"அண்ணே, தண்ணியை வெளிய விடுங்க! இப்பவே! சின்ன மெஷின் ரெண்டுலயும் இருக்கற வெள்ளையை எடுத்துத் தரையில போடுங்க, போனாப் போகுது! டிரையர் எல்லாம் காலி பண்ணு! ரோலருக்கு ஆள் வேண்டாம், எல்லாரும் மடிப்புக்கு வாங்க! டேய், வேனை வாசல்ல திருப்பி நிறுத்துடா, கழுவினது போதும்!"

ஓடினார்கள். அப்பாவுக்கு ஓடியதைவிட வேகமாக ஓடினார்கள். ஒருத்தரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கதவு திறந்தது, பச்சை மூன்றாகப் பிரிந்தது, வெளுத்தது, காய்ந்தது, சூட்டோடு சூடாக மேஜைக்கு வந்தது. பெரியவள் மேஜையின் முனையில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள். கை வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னதற்கு, "அப்புறம் வலிக்கட்டும்!" என்றாள். அப்பா ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கு அங்கே வேலை இல்லாமல் போயிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கத்தியது அவளுக்கு இனித்தது. நினைத்தது நினைத்த நொடியில் நடப்பதில் ஒரு ருசி இருக்கிறது.

வேன் போயிற்று. ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தம்பியிடமிருந்து போன் வந்தது. "கொடுத்துட்டேன்" என்றான். வைத்துவிட்டான்.

பெரியவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தொண்டை எரிந்தது. ஆஸ்பத்திரி வேலை தப்பியது. நாற்காலியும் தப்பியது. கண்ணைத் திறந்தபோது எதிரில் அக்கா மட்டும் நின்றிருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். போகும்போது யாரும் இவளைப் பார்க்கவில்லை.

"அக்கா, காலையில ஏதோ பேசணும்னீங்களே. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லைங்க."

அந்த 'ங்க' சுருக்கென்றது.

"என்ன அக்கா புதுசா மரியாதை எல்லாம்? கோவமா? அந்த நேரத்துல எனக்கு வேற வழி தெரியலை அக்கா."

அக்கா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள். அவள் கை எதையும் மடிக்காமல் விடாது. "ஆத்துக்கு அந்தப் பக்கத்து லாண்டரில கூப்பிட்டிருந்தாங்க. மடிப்பு வேலை மொத்தமும் என் பொறுப்புல விடறாங்களாம். இன்னைக்குப் பதில் சொல்லணும். வரலைன்னு சொல்லப்போறேன்னு உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். இங்க எங்க பாப்பா இருக்கா, அவ யாரையும் பார்த்துக் கத்த மாட்டான்னு அவங்ககிட்ட பெருமையா வேற சொல்லி வச்சிருந்தேன்."

பெரியவளுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அதைவிட ஆத்திரம்தான் முந்தியது.

"நான் கெஞ்சினப்ப நீங்க செஞ்சீங்களா? சொல்லுங்க அக்கா. நேத்து நான் சொன்னதும் பச்சையைப் போட்டிருந்தா இன்னைக்கு இது நடந்திருக்குமா? தன்மையா கேட்டா மதிக்க மாட்டீங்க, கத்தினா கோச்சுக்குவீங்க. நான் என்னதான் பண்ணணும்?"

அக்கா மடித்த ஏப்ரனைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"தப்பு என் பேர்லயும்தான்," என்றாள். "வரேங்க, முதலாளியம்மா."

சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்பா உற்சாகமாக இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறார்கள். ரொட்டியைக் கூடத் தொடாமல் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கூடம் இருக்கும் திசையைக் காட்டினார். பெரியவளைக் காட்டினார். இரண்டு கையையும் துடைத்துவிட்டு மேலே தூக்கினார்.

"இனிமே உள்ள வர மாட்டாராம்," என்றாள் அம்மா. "கூடம் உன்னோடதுதானாம். இனி நான் எதுக்குங்கறாரு. நான்கூட அதையேதான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன்."

தம்பி தட்டிலிருந்து நிமிராமல், "மடிப்பு அக்காவோட ஏப்ரன் ஆணியில தொங்கலை," என்றான். அன்றைக்கு முழுவதும் அவன் தானாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

பெரியவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

அப்பா மேஜையைத் தட்டி அவளைத் தன் பக்கம் திருப்பினார். மஃப்ளரை விலக்கித் தன் தொண்டையைத் தொட்டார். அங்குமிங்கும் எதையோ தேடுவது போல் பார்த்தார். பிறகு கையை நீட்டி, வெகு பிரியமாக, அவள் தொண்டையைத் தொட்டார்.

அம்மா வழக்கம் போல ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகுதான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. குரல் இறங்கிவிட்டது.

"என் குரல் எங்க போச்சுன்னு தேடிட்டு இருந்தேன். உன்கிட்டதான் இருக்குங்கறாரு."

பெரியவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். இருட்ட ஆரம்பித்திருந்தது. முற்றத்துக்கு எதிரே லாண்டரி விளக்கணைந்து கிடந்தது. ஹோட்டல் வெள்ளையையும் அனுப்பிவிட்டு, எல்லா மெஷினையும் நிறுத்திப் பூட்டிச் சாவியை அவளே எடுத்து வந்திருந்தாள்.

அக்காவின் நம்பரைப் போட்டாள். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள். கெஞ்சக் கூடாது, கத்தவும் கூடாது. போகாதீங்க அக்கா, நீங்க வேணும். அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு ஒரு பயிற்சி வகுப்பும் வேண்டாம்.

ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுக்கப்பட்டது. அக்காவின் குரலுக்கு முன்னால் வேறொரு சத்தம்தான் கேட்டது. ரோலர் ஓடுகிற சத்தம். அதற்குப் பின்னால் டிரையர் சுற்றுகிற சத்தம்.

"அக்கா," என்றாள் பெரியவள். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"யாருங்க? மெஷின் ஓடுது, கேக்கலை," என்றாள் அக்கா. "கொஞ்சம் சத்தமா பேசுங்க."